சிங்கப்பூரைப் பிடிக்கத் திட்டம் போட்டவர், தேர்தலில் வென்றவர், காணாமல் போனவர்: யார் இந்த ட்சுஜி?

1961ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். லாவோஸில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம்.

தலைநகர் வியந்தியேனிலிருந்து வடக்கே போகும் சாலையில் காவி உடுத்திய ஒருவர் கிளம்பிச் சென்றார். பார்த்தால் புத்த பிக்கு.

உண்மையில் அவர் பிக்கு இல்லை. ஜப்பானிய நாடாளுமன்ற மேலவையின் உறுப்பினர். 60 வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். விடுப்பு எடுத்துக்கொண்டு தென்கிழக்காசியப் பயணம் வந்திருந்தார்.

அதற்குப் பிறகு அவர் வீடு திரும்பவே இல்லை.

அவர் பெயர் மசனோபு ட்சுஜி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஜப்பானியர் காலத்தைப் பற்றிப் பேசினால் ஜெனரல் யமஷிடாவின் பெயர்தான் முதலில் வரும். ட்சுஜியின் பெயர் பலருக்குத் தெரியாது. ஆனால் மலாயாவுக்குள் எங்கே இறங்குவது, எப்படி நகர்வது என்று மேசையில் வரைபடத்தை விரித்துவைத்துத் திட்டம் போட்டவர் அவர்தான்.

சிங்கப்பூரில் ஆயிரக்கணக்கான சீனர்களைக் கொன்ற "சூக் சிங்" நடவடிக்கைக்குப் பின்னாலும் அவர் பெயர் வருகிறது. அந்த வழக்கில் இருவர் தூக்கில் தொங்கினர். ட்சுஜியோ வாக்குக் கேட்கப் போனார்... வென்றும் காட்டினார்.

எப்படி முடிந்தது?

கரி சுடும் வீட்டுப் பையன்

ட்சுஜி பிறந்தது ஜப்பானின் மேற்குக் கரையோரம் உள்ள இஷிகாவா மாநிலத்தில், ஒரு மலைக்கிராமத்தில். குடும்பம் கரி சுட்டுப் பிழைத்த ஏழைக் குடும்பம். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை முன்னுக்கு வர இருந்த வழிகளில் ஒன்று ராணுவம்.

பையன் கெட்டிக்காரன். ராணுவக் கல்விக்கழகத்தில் தம் ஆண்டில் முதல் மாணவர். அடுத்து, உயரதிகாரிகளை உருவாக்கும் பணியாளர் கல்லூரியிலும் முன்வரிசையில் தேறினார். 1932இல் ஷங்ஹாய்ச் சண்டையில் காயமடைந்தார்.

குடி, கேளிக்கை எதுவும் பிடிக்காது. மேலதிகாரிகள் விருந்து, விடுதி என்று சுற்றினால் முகத்துக்கு நேரே கண்டிப்பார். போர்முனைக்குப் போகப் பயமே கிடையாது. இளம் அதிகாரிகளுக்கு அவரைக் கண்டால் பக்தி. மூத்தவர்களுக்கோ எரிச்சல்.

1939இல் மங்கோலிய எல்லையில் சோவியத் படையோடு ஜப்பான் மோதியது. நோமொன்ஹான் என்ற இடத்தில் நடந்த சண்டை அது. எல்லையில் விட்டுக்கொடுக்கக் கூடாது, அடித்து நொறுக்க வேண்டும் என்று அங்கிருந்த ராணுவத் தலைமையகத்தில் அடம்பிடித்தவர்களில் ட்சுஜி முக்கியமானவர். அப்போது அவர் வெறும் மேஜர்.

ஜப்பான் படுதோல்வி அடைந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். களத்திலிருந்து பின்வாங்கிய சில அதிகாரிகள் தற்கொலை செய்துகொள்ள நெருக்கப்பட்டனர். ட்சுஜிக்குக் கிடைத்தது இடமாற்றம். அவ்வளவுதான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இன்னொரு முறை இதேபோல நடக்கும்.

கையடக்கப் புத்தகமும் ரகசிய விமானமும்

1941 தொடக்கத்தில் ட்சுஜி தைவானில் இருந்தார். அங்கே ஒரு சின்ன ஆய்வுக் குழு. வேலை என்ன? வெப்பமண்டலக் காட்டில் எப்படிச் சண்டை போடுவது என்று கண்டுபிடிப்பது.

ஜப்பானிய ராணுவம் அதுவரை சீனாவின் சமவெளியிலும் மஞ்சூரியாவின் குளிரிலும் பழகிய படை. ரப்பர்த் தோட்டம், சதுப்புநிலம், மலேரியா எல்லாம் அதற்குப் புதிது.

கப்பலில் வீரர்களை எப்படி நெருக்கி உட்கார வைப்பது, குதிரைகளை வெயிலில் எப்படிக் காப்பது, எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். முடிவில் ஒரு சிறு கையேடு அச்சானது. இதைப் படித்தாலே போரில் வென்றுவிடலாம் என்பதுபோல ஒரு தலைப்பு. சுமார் 40,000 பிரதிகள். மலாயாவுக்கு வரும் கப்பலிலேயே வீரர்கள் அதைப் படித்தனர்.

அதில் கொசு, பாம்பு, கடல்மயக்கம் பற்றிய அறிவுரைகள் இருந்தன. வெள்ளைக்காரர்களிடமிருந்து ஆசிய மக்களை விடுவிக்கவே போகிறோம் என்ற பேச்சும் இருந்தது. கூடவே, இந்த வட்டாரத்தின் சீனர்கள் வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து உள்ளூர் மக்களைச் சுரண்டுகிறவர்கள் என்ற வெறுப்பும் இருந்தது. சண்டை தொடங்கும் முன்பே அந்த வெறுப்பு அச்சேறிவிட்டது!

1941 அக்டோபரில் ட்சுஜி ஓர் உளவு விமானத்தில் ஏறி மலாயாவுக்கு மேலே பறந்தார். கோத்தா பாரு, அலோர் ஸ்டார் பக்கம் இருந்த விமானத்தளங்களைக் கண்ணால் பார்த்தார். நினைத்ததைவிட அவை பெரியவை. அவற்றை முதலிலேயே பிடிக்காவிட்டால் தரையிறங்கும் படைக்கு ஆபத்து என்று முடிவுகட்டினார்.

டிசம்பர் 8, நள்ளிரவு தாண்டிய நேரம். கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியப் படை இறங்கியது. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே!

ட்சுஜி மேசையோடு உட்கார்ந்திருக்கவில்லை. கெடாவின் ஜித்ராவில் 11ஆவது இந்தியப் படைப்பிரிவு அமைத்திருந்த அரண் உடைந்தபோது அவர் முன்னணியிலேயே இருந்தார். பல வாரம் தாங்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட அரண் அது. இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

அங்கிருந்து சைக்கிளிலும் நடையாகவும் லாரியிலுமாக 55 நாளில் ஜொகூர் பாரு. 70 நாளில் சிங்கப்பூர். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷ் படை சரணடைந்தது. ஜப்பானில் ட்சுஜிக்குப் "போர்த்திட்டக் கடவுள்" என்றே பட்டப்பெயர் வந்தது.

ஆனால் யமஷிடாவுக்கு அவரைப் பிடிக்கவே பிடிக்காது. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே தம் நாட்குறிப்பில் ட்சுஜியைத் தன்முனைப்புப் பிடித்தவர், சின்னப் புத்திக்காரர் என்ற தொனியில் எழுதி வைத்திருக்கிறார். கீழதிகாரி ஒருவரைப் பற்றித் தளபதி இப்படி எழுத வேண்டிவந்தது என்றால் பாருங்கள்.

ஜாலான் புசாரில் ஒரு நாள்

சிங்கப்பூர் விழுந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. 18 முதல் 50 வயது வரையிலான சீன ஆண்கள் எல்லாம் குறிப்பிட்ட இடங்களுக்கு வர வேண்டும் என்று உத்தரவு போனது. ஜாலான் புசார் அவற்றில் ஒன்று.

ஜப்பானுக்கு எதிரானவர்களைக் களையெடுப்பது என்று சொல்லப்பட்டது. ஆனால் யார் எதிரி என்று பிரிக்க ஒழுங்கான முறை எதுவும் இல்லை. முகமூடி போட்ட ஆள்காட்டி தலையசைத்தால் போச்சு. கண்ணாடி போட்டவர், பச்சை குத்தியவர், ஆசிரியர்... எதுவும் காரணமாகலாம். ஒரு முத்திரை கிடைத்தால் வீடு. கிடைக்காவிட்டால் லாரி. சாங்கி, பொங்கோல், சிக்லாப், இன்று நாம் செந்தோசா என்று அழைக்கும் புலாவ் பிளாக்காங் மாத்தி... அந்த லாரிகள் போன இடங்கள் அவை.

எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள்? ஜப்பானியத் தரப்புச் சொன்னது சுமார் 5,000. சீனச் சமூகத்தின் கணக்கு 50,000 வரை போகிறது. உறுதியான எண்ணிக்கை இன்றுவரை இல்லை.

உத்தரவு யமஷிடாவின் தலைமையகத்திலிருந்து வந்தது. அதை வரைந்து, விரட்டி விரட்டி நிறைவேற்ற வைத்தவர் ட்சுஜி என்று அன்று பணியில் இருந்த ஜப்பானிய அதிகாரிகளே பின்னாளில் சொன்னார்கள். ஜாலான் புசாரில் பொறுப்பில் இருந்த ராணுவப் போலிஸ் அதிகாரி ஒருவர், அதாவது கெம்பெய்தாய், பல ஆண்டுகள் கழித்து ஒரு நினைவுநூல் எழுதினார். ட்சுஜி அங்கு வந்தார், பிடிபட்டவர்களின் எண்ணிக்கை குறைவு என்று சத்தம் போட்டார், சிங்கப்பூர் மக்கள்தொகையையே பாதியாக்கப் போவதாகச் சொன்னார் என்று அதில் இருக்கிறது.

சொன்னவரும் தண்டனை பெற்றவர்தான், பழியை வேறொருவர்மீது போடக் காரணம் இருந்தவர்தான் என்பதை நாம் மறக்கக் கூடாது. ஆனால் அவர் மட்டும் சொல்லவில்லை.

நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஜப்பானியர் காலம் என்றால் சயாம் மரண ரயில்பாதைதான் நினைவு. அது ட்சுஜியின் கணக்கில் வராது. தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துப் போகத் தொடங்கும் முன்பே அவர் மலாயாவைவிட்டுப் போய்விட்டார். பிலிப்பீன்ஸ், குவாடல்கனால், சீனா, பர்மா என்று அடுத்தடுத்த போர்முனைகள். பிலிப்பீன்ஸிலும் கைதிகளைக் கொல்லச் சொன்ன உத்தரவுகளோடு அவர் பெயர் சேர்ந்தே வருகிறது.

ஒளிந்த மூன்று ஆண்டு

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோது ட்சுஜி பேங்காக்கில் இருந்தார். பிரிட்டிஷார் தம்மைத் தேடுவார்கள் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தலையை மழித்தார். இளம் அதிகாரிகள் சிலரோடு ஜப்பானியப் புத்த பிக்குபோல ஒரு கோயிலில் தங்கினார்.

பிடி இறுகியதும் லாவோஸ், வியட்நாம் வழியாகச் சீனாவுக்குப் போனார். அங்கே சியாங் காய் ஷெக்கின் தேசியவாத அரசாங்கம் கம்யூனிஸ்டுகளோடு மோதிக்கொண்டிருந்தது. சோவியத் படையையும் மஞ்சூரியாவையும் அறிந்த ஜப்பானிய அதிகாரி அவர்களுக்குத் தேவைப்பட்டார். சீனர்களைக் கொன்றதாகத் தேடப்பட்டவருக்குச் சீன அரசாங்கமே வேலை கொடுத்தது. அரசியல் இப்படித்தான்.

அதே நேரத்தில் சிங்கப்பூரில், 1947இல், விக்டோரியா நினைவு மண்டபத்தில் சூக் சிங் வழக்கு நடந்தது. குற்றவாளிக் கூண்டில் ஏழு அதிகாரிகள். காவற்படைத் தளபதி கவாமுரா, கெம்பெய்தாய்த் தலைவர் ஓஷி இருவருக்கும் மரண தண்டனை. மற்ற ஐவருக்கும் ஆயுள்.

சீனச் சமூகம் கொதித்தது. இவ்வளவு பெரிய கொலைக்கு இரண்டே இரண்டு பேரா?

யமஷிடா ஏற்கெனவே பிலிப்பீன்ஸில் தூக்கிலிடப்பட்டிருந்தார். அவருடைய தலைமைப் பணியாளர் அதிகாரி போரிலேயே இறந்துவிட்டார். ட்சுஜி? அவர் எங்கே இருக்கிறார் என்றே நீதிமன்றத்துக்குத் தெரியாது.

1948இல் அவர் மாறுவேடத்தில் ஜப்பான் திரும்பினார். நண்பர்கள் வீடுகளில் ஒளிந்திருந்தார். அதற்குள் உலகம் மாறிவிட்டது. பிரிட்டனுக்கு வழக்கு நடத்த ஆர்வம் போய்விட்டது. அமெரிக்காவுக்கோ புதிய எதிரி கம்யூனிசம். பழைய ஜப்பானிய அதிகாரிகள் உளவுக்குப் பயன்படுவார்கள் என்ற கணக்கு. 1950 தொடக்கத்தில் ட்சுஜியைத் தேடுவது கைவிடப்பட்டது.

மறைவிடத்திலிருந்து புத்தகக் கடைக்கு

வெளியே வந்தவர் அடங்கி இருந்தாரா என்றால், இல்லை. தலைமறைவு வாழ்க்கையைப் பற்றி எழுதினார். வாராந்தர இதழில் தொடராக வந்து, புத்தகமாகி, விற்பனையில் சக்கைப்போடு போட்டது.

1952இல் சிங்கப்பூர் வெற்றியைப் பற்றி இன்னொரு புத்தகம். 1960இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. சைக்கிள், காடு, பாலம், பீரங்கி எல்லாம் சுவையாக இருக்கும். போர் வரலாறு படிப்போர் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். ஜாலான் புசாருக்கு அதில் இடமில்லை.

ஏன் ஜப்பானியர்கள் அதை வாங்கிப் படித்தார்கள்? ஏழு ஆண்டு அமெரிக்க ஆக்கிரமிப்பில் நாடு தலைகுனிந்து கிடந்தது. மகனையோ கணவனையோ இழக்காத வீடு குறைவு. அந்தச் சாவெல்லாம் வீண் என்று சொன்னவர்கள் பலர். நாம் வென்ற ஒரு சண்டையும் உண்டு, அதில் தந்திரமும் துணிச்சலும் இருந்தன என்று சொன்னவர் ட்சுஜி. அதுவும் எதிரியின் கையில் சிக்காமல் தப்பியவர் வாயால்!

1952 ஏப்ரலில் ஆக்கிரமிப்பு முடிந்தது. அக்டோபரில் தேர்தல். சொந்த ஊரான இஷிகாவாவில் ட்சுஜி சுயேச்சையாக நின்றார். முன்னாள் வீரர்களும் அவர்களின் குடும்பங்களும் திரண்டு வாக்களித்தனர். முதல் முயற்சியிலேயே நாடாளுமன்ற உறுப்பினர்! 1953, 1955, 1958 தேர்தல்களிலும் அவரே வென்றார்.

எந்தப் பக்கமும் சேராதவர்

சரி, அவருடைய கொள்கைதான் என்ன?

அன்றைய ஜப்பானில் வலதுசாரிகள் அமெரிக்கக் கூட்டணி வேண்டும் என்றார்கள். இடதுசாரிகள் அமெரிக்காவும் வேண்டாம், ராணுவமும் வேண்டாம் என்றார்கள். ட்சுஜி சொன்னது மூன்றாவது ஒன்று: ஜப்பானுக்கு வலுவான சொந்த ராணுவம் வேண்டும், அமெரிக்கப் படை வெளியேற வேண்டும், நாடு யாரோடும் சேராமல் நடுநிலை காக்க வேண்டும். எகிப்தின் நாசரையும் யுகோஸ்லாவியாவின் டிட்டோவையும் நேரில் போய்ப் பார்த்தார். தனியாகக் கேட்டால் அந்த வாதத்தில் நியாயம் இருப்பதுபோலவும் தோன்றும். அதைச் சொன்னவர் யார் என்பதில்தான் சிக்கல்.

இன்னொரு முகமும் இருந்தது. பழைய ராணுவத்தைத் திரும்பக் கொண்டுவரக் கனவு கண்ட கர்னல் ஹட்டோரியின் குழுவோடு அவருக்கு நெருக்கம். பல ஆண்டுகள் கழித்து வெளியான அமெரிக்க உளவுத்துறை ஆவணங்களில் ஒரு தகவல் இருக்கிறது. 1952இல் அந்தக் குழு பிரதமர் யோஷிடாவைக் கொன்று ஆட்சியைப் பிடிக்க யோசித்ததாம். வேண்டாம் என்று தடுத்தவர் ட்சுஜியாம்! மனம் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நம் எதிரி சோஷலிஸ்டுகள், இவர் இல்லை என்பதுதான் அவர் சொன்ன காரணமாகப் பதிவாகியுள்ளது.

அதே ஆவணங்களில் அவரைப் பற்றிய மதிப்பீடும் உண்டு. உளவுக்கும் உதவ மாட்டார், அரசியலுக்கும் உதவ மாட்டார், வாய்ப்புக் கிடைத்தால் மூன்றாம் உலகப் போரைத் தொடங்கவும் தயங்க மாட்டார் என்ற ரீதியில் போகிறது அது. அவரைப் பயன்படுத்தலாம் என்று கணக்குப் போட்டவர்களின் எழுத்து இது.

நாட்டுக்குள்ளேயே அவரைக் கேள்வி கேட்டவரும் இருந்தார். குவாடல்கனாலில் ட்சுஜியோடு மோதிப் பதவி இழந்த ஜெனரல் கவாகுச்சி. பிலிப்பீன்ஸ் தலைமை நீதிபதி ஹொசே அபாட் சாந்தோஸ் 1942இல் சுட்டுக்கொல்லப்பட்ட விவகாரத்தில் சிறைவாசம் அனுபவித்துத் திரும்பியவர். அந்தக் கொலைகளுக்குப் பின்னால் இருந்தவர் ட்சுஜி என்று வெளிப்படையாகவே குற்றம்சாட்டினார். இஷிகாவா வாக்காளர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவரைக் கடைசியில் கவிழ்த்தது போர்க்குற்றம் இல்லை, உள்கட்சிச் சண்டை. 1955இல் உருவான மிதவாத ஜனநாயகக் கட்சியில் அவரும் இருந்தார். பிரதமர் கிஷியோ தாமே போர்க்குற்றச் சந்தேகத்தில் மூன்றாண்டு சிறையில் இருந்தவர். அவரை ட்சுஜி ஊழல்வாதி என்று தாக்கிக்கொண்டே இருந்தார். 1959இல் கட்சி அவரை வெளியேற்றியது.

ட்சுஜி என்ன செய்தார் தெரியுமா? கீழவைப் பதவியை விட்டுவிட்டு, நாடு முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்ட மேலவை இடத்துக்குச் சுயேச்சையாக நின்றார். பல லட்சம் வாக்குகள். மூன்றாம் இடத்தில் வென்றார். கட்சி கைவிட்டவரை இஷிகாவா மட்டுமல்ல, நாடெங்கும் இருந்த பழைய வீரர்கள் கைவிடவில்லை.

ஆனால் மேலவையில் தனி ஆளாக உட்கார்ந்து என்ன செய்ய முடியும்?

மீண்டும் காவி

1961 ஏப்ரல் 4ஆம் தேதி தோக்கியோவிலிருந்து கிளம்பினார். சைகோன், நோம்பென், பேங்காக், வியந்தியேன். 16 ஆண்டுக்குமுன் தப்பி ஓடிய பாதையின் பக்கமாகவே, அதே வேடத்தில். ஹனோய்க்குப் போய் ஹோ சி மின்னைப் பார்க்க நினைத்தார் என்கிறார்கள். உளவு வேலை என்கிறார்கள் சிலர். லாவோஸ் கம்யூனிஸ்டுகள் சுட்டுவிட்டார்கள் என்றும் பேச்சு உண்டு. எதற்கும் ஆதாரம் இல்லை.

அவர் காணாமல் போய் ஓராண்டுகூட ஆகவில்லை. 1962 தொடக்கத்தில் சிங்கப்பூரின் சிக்லாப்பில் மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. ஒரு குழி இல்லை, பல குழிகள். உறவினர்கள் 20 ஆண்டாகத் தேடியவர்கள் அங்கே கிடந்தனர். 1963 ஆகஸ்டில் நகர மண்டபத்தின் முன்னால் பெருங்கூட்டம் கூடி ஜப்பானிடம் இரத்தக் கடனைத் தீர்க்கச் சொன்னது. 1966இல் 50 மில்லியன் வெள்ளிக்கு உடன்பாடு வந்தது. பாதி மானியம், பாதி கடன். மன்னிப்பு என்ற சொல் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அது போதவில்லை.

தோண்டி எடுக்கப்பட்ட எலும்புகள் 600க்கும் மேற்பட்ட தாழிகளில் வைக்கப்பட்டன. அவற்றின்மீதுதான் பீச் ரோட்டில் நான்கு வெள்ளைத் தூண்கள் எழுந்தன. 1967 பிப்ரவரி 15ஆம் தேதி, சரணடைந்து சரியாக 25 ஆண்டு நிறைந்த நாளில், நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1968 ஜூலை 20ஆம் தேதி, மசனோபு ட்சுஜி ஜப்பானில் சட்டப்படி இறந்தவராக அறிவிக்கப்பட்டார். உடல் கிடைக்கவில்லை.